ஒருவனின் வெறியா, ஒரு பண்பாட்டின் குணமா? மொன்றியலில் பெண்ணியம், சிறப்புரிமை, அன்றாடப் பால்பாகுபாடு

1. ஆய்வுப் பொருள்

1989-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம், ஷான்தால் தேகல் என்ற கியூபெக் பெண் கருக்கலைப்புச் செய்துகொள்வதைத் தடுக்க அவருடைய முன்னாள் காதலர் வாங்கியிருந்த தடையாணையை ஒருமனதாக நீக்கியது. செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் விரிவுரையாளரும் 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவருமான ராஜினி திராணகம, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 மாலை மொன்றியலின் எக்கோல் பொலிரெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா, கறுப்பினப் பெண் தொழிலாளர்களின் வழக்குகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கறுப்பின ஆண்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், வெள்ளையினப் பெண்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே பாகுபாடு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் கறுப்பினப் பெண் எந்தக் கதவைத் தட்டுவாள் என்பது அவருடைய கேள்வி.

இந்த நிகழ்வுகளை ஒரே ஆண்டின் செய்திகளாக அடுக்கிவைக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. யாழ்ப்பாணத்துக் கொலையை அரசியல் என்கிறோம். பொலிரெக்னிக் கொலையை நெடுங்காலம் ஒரு பித்தனின் செயல் என்றார்கள். இக்கட்டுரை அந்தப் பெயரிடலைப் பற்றியது. பெரும்பான்மைச் சமூகத்து ஆண் ஒரு பெண்ணுக்குத் தீங்கு செய்தால் அது ஒருவனின் வெறி. குடியேறிய ஆண் செய்தால் அது அவனுடைய பண்பாடு. முதல் விளக்கம் சமூகத்தை விடுவிக்கிறது. இரண்டாவது, விளக்கம் சொல்பவரை விடுவிக்கிறது. இரண்டிலும் தப்பிவிடுவது அன்றாடப் பால்பாகுபாடு. சிறப்புரிமை என்று இங்கே குறிப்பது செல்வத்தையோ பதவியையோ அன்று. பிறர் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு கேள்வி தன் வாசலுக்கு வராமலே வாழ்ந்துவிட முடிகிற நிலையே அது.

2. வாக்குரிமையின் படிகள்

மொன்றியல் பெண்ணியத்தின் வரலாற்றை 1940 ஏப்ரல் 25-இலிருந்து சொல்லத் தொடங்குவது வழக்கம். கூட்டாட்சித் தேர்தல்களில் 1918-இலேயே பெரும்பாலான கனடியப் பெண்கள் வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். கியூபெக் மாகாணத் தேர்தலில் வாக்களிக்க மேலும் 22 ஆண்டுகள் காத்திருந்தார்கள். தெரேஸ் காஸ்கிரேனும் இதோலா சென்-ழானும் ஆண்டுக்கு ஆண்டு கியூபெக் நகரச் சட்டமன்றத்துக்கு மசோதாவைக் கொண்டுபோய்த் தோற்றுத் திரும்பினார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் கர்தினால் வில்நவ் கடைசி வரை எதிர்த்தார். அடலார் கோட்பூ அரசு அதையும் மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது.

தமிழ் வாசகர் இங்கே சற்று நின்று கணக்குப் பார்க்க வேண்டும். இலங்கைப் பெண்கள் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931-இலேயே சர்வசன வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். (அந்த முதல் தேர்தலை யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் புறக்கணித்தது வேறு கதை.) 1932-இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானபோது, மொன்றியலில் ஒரு பெண்ணால் மாகாணத் தேர்தலில் வாக்களிக்கவே முடியாதிருந்தது. முன்னேறிய மேற்கு, பின்தங்கிய கிழக்கு என்று வரிசை போடுகிறவர்கள் இந்தத் தேதிகளைக் கடந்து செல்ல முடியாது. நாமும் இதைப் பெருமைப் பட்டியலில் சேர்த்துவிட முடியாது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற நம் தலைவர்களே சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார்கள். சுதந்திரம் வந்த கையோடு, 1948-இன் குடியுரிமைச் சட்டத்தாலும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் மலையகத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள், ஆண்களோடு சேர்ந்து, பெற்ற வாக்கை இழந்தார்கள்.

கியூபெக்கிலும் 1940 எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்த ஆண்டு அன்று. பூர்வகுடி மக்களை 'இந்தியர்' என்று குறிக்கும் கனடாவின் இந்தியச் சட்டத்தின்கீழ்ப் பதிவான பெண்கள் கூட்டாட்சித் தேர்தலில் 1960-இலும் கியூபெக் மாகாணத் தேர்தலில் 1969-இலும்தான் நிபந்தனையின்றி வாக்களித்தார்கள். வாக்குரிமை இயக்கம் மண்டபங்களில் கூடிக்கொண்டிருந்த அதே நகரத்தில், 1902-இல், ரயில்வேயில் வேலை பார்த்த கறுப்பின ஆண்களின் மனைவியர் எழுவர் சேர்ந்து மொன்றியல் நிறப் பெண்கள் கழகத்தைத் தொடங்கினார்கள். கனடாவின் மிகப் பழைய கறுப்பினப் பெண்கள் அமைப்பு அது. வேற்று நகரிலிருந்து வந்தவர்களுக்கு உதவுவது, நோயுற்றோரைப் பார்ப்பது, குளிருக்கு உடை திரட்டுவது என்று நடந்த அவர்களுடைய வேலை, வாக்குரிமை வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவது அரிது. அன்றாடத்தைக் காப்பாற்றுவதை அரசியலாக எண்ணாத ஒரு வரலாற்றெழுத்தின் விளைவு அது.

வாக்கு வந்த பிறகும் வீட்டுக்குள் சட்டம் மாறவில்லை. 1961-இல் கியூபெக் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதல் பெண்ணான மரீ-கிளேர் கேர்க்லண்டுக்கு, தலைநகரில் தங்குவதற்கு ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கத் தன் கணவரின் கையொப்பம் வேண்டியிருந்தது. மாகாணத்துக்குச் சட்டம் இயற்றலாம், தன் பெயரில் வீட்டு ஒப்பந்தம் போட முடியாது. அவரே முன்னின்று கொண்டுவந்த 16-ஆம் மசோதா 1964 ஜூலையில் நடைமுறைக்கு வந்து, மணமான பெண்ணுக்குச் சட்டத் தகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

3. கானவாகேயிலிருந்து ஒரு பெண்

மொன்றியல் தீவுக்குத் தெற்கே, சென் லாரன்ஸ் ஆற்றின் மறுகரையில் மோஹாக் மக்களின் கானவாகே இருக்கிறது. 1911-இல் அங்கே பிறந்த மேரி டூ-ஆக்ஸ் ஏர்லி, இளவயதில் நியூயோர்க்கின் புரூக்ளினுக்கு வேலைக்குப் போய், ஐரிஷ் வழிவந்த ஓர் அமெரிக்கரை மணந்தார். அந்த மணத்தோடு இந்தியச் சட்டம் அவருடைய பூர்வகுடித் தகுதியைப் பறித்தது. பிறந்த மண்ணில் குடியிருக்கும் உரிமை, சொத்துரிமை, இறந்தபின் அங்கே அடக்கம் செய்யப்படும் உரிமை எல்லாம் அதோடு போயின. ஒரு மோஹாக் ஆண் வெள்ளையினப் பெண்ணை மணந்தால் அவன் எதையும் இழக்கமாட்டான். அந்தப் பெண்ணே சட்டப்படி 'இந்தியர்' ஆகிவிடுவாள். இரத்தமும் மொழியும் குலமும் எதுவும் கணக்கில் இல்லை, கணவன் யார் என்பது மட்டுமே கணக்கு. தாய்வழிக் குலமரபைப் பேணி வந்த மோஹாக் மக்கள்மீது விக்டோரியா காலத்து ஆங்கிலேயக் குடும்ப ஒழுங்கைச் சுமத்திய சட்டம் இது.

தன் தோழி ஒருவர் 1966-இல் இறந்தபோது, ஊரை விட்டு வெளியேறச் சொன்ன நெருக்கடியே அவரைக் கொன்றது என்று மேரி நம்பினார். அடுத்த ஆண்டிலேயே பெண்களைத் திரட்டத் தொடங்கினார். பெண்களின் நிலையை ஆராய்ந்த அரச ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னார். 1975-இல் மெக்சிக்கோ நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் அவர் இருந்தபோது, கானவாகே நிருவாக சபை அவருக்கு வெளியேற்ற அறிவித்தல் கொடுத்தது. அவர் அந்தச் செய்தியை மாநாட்டு மேடைக்கே கொண்டுபோனார். 1983-இல் அரசியலமைப்பு மாநாட்டில் பேச அவருக்கு இடம் தரப்படாதபோது, கியூபெக் முதல்வர் ரெனே லெவேக் தன் நாற்காலியைக் கொடுத்து அவரை அமர வைத்தார். 1985 ஜூன் 28 அன்று, இந்தியச் சட்டத்தைத் திருத்தும் சி-31 சட்டம் நிறைவேறியது. ஜூலை 5 அன்று தகுதியைத் திரும்பப் பெற்ற முதல் பெண் அவரே. அவருடைய தலைமுறைக்குப் பின்னும் சட்டத்தில் ஒட்டியிருந்த ஏற்றத்தாழ்வைக் களைய 2019 வரை ஆயிற்று.

இந்த வழக்கில் நான் அதிகம் தங்குவதற்குக் காரணம், மேரி இரண்டு பக்கமும் போராட வேண்டியிருந்தது என்பதே. நகரத்துப் பெண்ணியம் அவருக்குத் துணையாக வந்தது, ஆனால் நில உரிமை என்றால் என்ன என்பதை அதற்கு அவர்தான் கற்பிக்க வேண்டியிருந்தது. சொந்த மக்களின் ஆண் தலைமையோ, இது அரசுக்கு எதிரான நம் கூட்டுப் போராட்டத்தைப் பலவீனப்படுத்தும், பெண்களின் குறை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. ஈழப் போராட்டத்தின் ஆண்டுகளில் வளர்ந்த எவருக்கும் அந்த வாக்கியம் அறிமுகமானது. முதலில் விடுதலை, பிறகு பெண். ராஜினி திராணகம போரில் சிதைந்த பெண்களின் நிலையை எழுதியபோதும், 'சொல்லாத சேதிகள்' தொகுப்பு 1986-இல் யாழ்ப்பாணத்தில் வந்தபோதும் அந்தப் பதில் காத்திருந்தது. பிறகு என்பது எந்த ஆண்டு என்று கேட்பவரையே துரோகி என்பது அந்தத் தர்க்கத்தின் கடைசிப் படி.

4. டிசம்பர் 6: பெயரிட முப்பது ஆண்டு

அந்த மாலை கொலையாளி ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து, ஆண்களை வெளியே போகச் சொன்னான். ஏறத்தாழ ஐம்பது ஆண்கள் போனார்கள். மீதி ஒன்பது பெண்கள். நீங்கள் பெண்ணியவாதிகள், உங்களை வெறுக்கிறேன் என்றான். நாங்கள் பெண்ணியவாதிகள் இல்லை, பொறியியல் படிக்கும் மாணவிகள்தான் என்று நத்தலி புரொவோ அவனுக்கு விளக்க முயன்றார். சுட்டான். அவர் பல குண்டுக் காயங்களோடு பிழைத்தார். ஆறு தோழியர் அந்த அறையிலேயே இறந்தார்கள். அன்று இறந்த 14 பேரில் 12 பேர் பொறியியல் மாணவியர், ஒருவர் தாதியர் கல்வி மாணவி, ஒருவர் கல்லூரி ஊழியர்.

விசாரணைக்கு இடமில்லாமல் கொலையாளி தன்னையே சுட்டுக்கொண்டதால் நோக்கத்துக்குச் சான்றாக மிஞ்சியது அவனுடைய கடிதம். பெண்ணியவாதிகள் தன் வாழ்க்கையைக் கெடுத்தார்கள் என்றும், நேரம் போதவில்லை என்றும் எழுதி, 19 பெண்களின் பெயர்களை இணைத்திருந்தான். காவல்துறை அதை வெளியிடவில்லை. பட்டியலில் இருந்த பத்திரிகையாளர் பிரான்சீன் பெல்லெத்தியேயின் கைக்கு ஒரு பிரதி வந்து, 1990 நவம்பரில் 'லா பிரெஸ்' நாளிதழில் வெளியானது. அதற்கு முன்னும் பின்னும் ஊடகங்களில் மேலோங்கி ஒலித்தது உளவியல் விளக்கம்: பிளவுண்ட குடும்பம், கொடுமைக்காரத் தந்தை, தனிமை. பெண்ணியவாதிகள் இதை அரசியலாக்குகிறார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. தன்னைக் கொல்ல வந்தவன் சொன்ன காரணத்தைத் திருப்பிச் சொல்வதே அத்துமீறல் ஆயிற்று.

'பிளேஸ் து சிஸ்-தெசாம்பர் 1989' என்னும் நினைவுப் பூங்காவில் வைக்கப்பட்ட பலகை, அங்கே நடந்ததை ஒரு துயர நிகழ்வு என்று மட்டும் சொன்னது. 2019 டிசம்பரில்தான், முப்பது ஆண்டு நிறைவில், மாநகரம் அந்தப் பலகையை மாற்றி, 14 பெண்கள் ஒரு பெண்ணிய எதிர்ப்புத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள் என்று எழுதியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் பல்லாண்டு பேசிவந்த நத்தலி புரொவோ, தான் அன்று பெண்ணியவாதி இல்லை என்று சொன்னதைப் பின்னாளில் மாற்றிக்கொண்டு, தன்னைப் பெண்ணியவாதி என்றே அறிவித்தார். 2025-இல் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.

5. பண்பாடு என்னும் விளக்கம்

2009 ஜூன் 30 அன்று மொன்றியலில் வாழ்ந்த ஆப்கானிய வழிக் குடும்பம் ஒன்றின் மூன்று சகோதரியரும் அவர்களின் தந்தையின் முதல் மனைவியும் கிங்ஸ்ரன் அருகே ஒரு கால்வாயில் காரோடு மூழ்கி இறந்து கிடந்தார்கள். 2012 ஜனவரியில் தந்தை, தாய், சகோதரன் மூவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. கொடூரத்தில் ஐயமில்லை, குடும்ப மானம் என்ற எண்ணம் அதில் இருந்ததும் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது. ஆனால் செய்தியும் விவாதமும் ஒரு முழுச் சமூகத்தின்மீது படர்ந்த வேகத்தைப் பொலிரெக்னிக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கொலையாளி தன் நோக்கத்தை எழுதியே வைத்தும் சமூகம் விசாரிக்கப்படவில்லை. (அவனுடைய தந்தை அல்ஜீரியாவில் பிறந்தவர் என்பதைப் பிடித்துக்கொண்டு, அதையும் இறக்குமதிப் பண்பாடு ஆக்க முயன்றவர்கள் உண்டு.) இங்கே, அந்தப் பெண்பிள்ளைகள் பள்ளியிடமும் சிறுவர் பாதுகாப்புத் துறையிடமும் முன்பே உதவி கேட்டிருந்தார்கள் என்ற செய்தி, பண்பாடு பற்றிய இரைச்சலில் அமுங்கிப்போனது. கேட்ட பெண்ணின் குரலை நிறுவனம் எப்படி எடைபோட்டது என்பதுதான் எல்லாச் சமூகப் பெண்களுக்கும் பயன்படக்கூடிய கேள்வி.

தமிழர்க்கு நெருக்கமான ஒரு வழக்கும் உண்டு. 2012-இல் மொன்றியலில் ஓர் இளம் தமிழ்ப் பெண் கொல்லப்பட்டார். கணவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு ஐந்தாண்டை நெருங்கியும் விசாரணைக்கு வரவில்லை. உயர் நீதிமன்ற வழக்குகள் 30 மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஜோர்டன் தீர்ப்பில் வகுத்த வரம்பைக் காட்டி, 2017 ஏப்ரலில் நடவடிக்கைகள் நிறுத்தப்பட்டன. அவர் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். குற்றம் செய்தாரா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. கியூபெக் ஊடகங்கள் இதைத் தாமதத்தின் வழக்காக எழுதின. குடியேறிகளை நாடு கடத்துவது பற்றிய வழக்காகவும் எழுதின. தமிழ்ச் சமூகத்தில் பலர் பேசாமல் இருப்பதே நல்லது என்று கருதினார்கள், பேசினால் நம்மைப் பற்றித் தவறாக எண்ணுவார்கள் என்று. பெரும்பான்மையின் 'உங்கள் பண்பாடு' என்ற குற்றச்சாட்டும் சிறுபான்மையின் 'நம் மானம்' என்ற அச்சமும் ஒரே வேலையைச் செய்கின்றன. இடையில் இறந்த பெண் காணாமல் போகிறாள்.

கியூபெக்கின் 21-ஆம் சட்டம் இதே முடிச்சின் இன்னொரு இழை. 2019 ஜூன் 16 அன்று நிறைவேறிய அந்தச் சட்டம், அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரச வழக்கறிஞர் முதலியோர் பணியில் மதச் சின்னம் அணிவதைத் தடுத்தது. பெண்ணின் சமத்துவம் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. நடைமுறையில் வேலையோ வேலை வாய்ப்போ இழந்தவர்களில் முன்நிற்பவர்கள் முக்காடு அணியும் முஸ்லிம் ஆசிரியைகள். கியூபெக் பெண்ணியமே இதில் பிளந்தது. 1966-இல் தோன்றிய கியூபெக் பெண்கள் கூட்டமைப்பு, முக்காட்டுக்கு அரசு தடை போடுவதை 2009 முதலே எதிர்த்தது. அதில் உடன்படாதவர்கள் 2013-இல் வேறு அமைப்பு கண்டார்கள். திருச்சபையின் பிடியிலிருந்து போராடி வெளிவந்த ஒரு தலைமுறைப் பெண்களுக்கு மதச் சின்னம் என்றாலே எழும் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. அந்த அச்சத்துக்கான விலையை வேறொரு பெண் தன் சம்பளத்தால் கட்டுவதை ஏற்க முடியவில்லை. சட்டத்தின் வரைவிலக்கணம் நகையையும் அணிகலனையும் உள்ளடக்குகிறது. தாலியும் அதற்குள் வரக்கூடும். ஆயினும் தமிழ் இந்துக் குடும்பங்களில் இது நம் பிரச்சினை இல்லை என்றே பேச்சு. அந்த நிம்மதிதான் சிறப்புரிமை. மொழியால், நிறத்தால், அகதிநிலையால் பின்தள்ளப்பட்டவர்களிடமும் அது இருக்கிறது.

6. அன்றாடம்

2017 நவம்பரில் வலெரி பிளான்ட் மொன்றியலின் முதல் பெண் மேயரானார். அவருடைய தேர்தல் சுவரொட்டி அவரை இந்த வேளைக்கு ஏற்ற ஆண்மகன் என்று அறிவித்தது. பதவி என்றால் ஆண் என்று பழகிய கண்ணை அந்தச் சுவரொட்டி நேராகச் சந்தித்தது. ஆனாலும் அவருடைய வரவுசெலவுத் திட்டத்தைவிட அவருடைய உரத்த சிரிப்பு அதிகம் அலசப்பட்டது. 1642-இல் இந்நகரை நிறுவியவர்களில் ஒருவரான ழான் மான்ஸை, மேசொன்னெவுக்கு இணையான நிறுவுநர் என்று மாநகரம் ஏற்றது 2012-இல்தான்.

அன்றாடப் பால்பாகுபாட்டுக்கு மாநகரம் கொடுத்த மிக நேரடியான பதில் ஒரு பேருந்துச் சேவை என்பது என் எண்ணம். 1996 முதல் இரவில் தனியே பயணம் செய்யும் பெண், நிறுத்தத்துக்கு முன்பே, தன் வீட்டுக்குக் கிட்டிய இடத்தில் இறக்கிவிடும்படி ஓட்டுநரைக் கேட்கலாம். இதைப் பெற்றுத் தந்தவர்கள் பெண்கள் பாதுகாப்புக் குழுக்கள். இரவில் நடக்கும்போது திறப்பை விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை ஆண்களிடம் சொன்னால் பலர் வியப்பார்கள். அந்த வியப்பிலேயே சிறப்புரிமையின் இயக்கம் முழுவதும் இருக்கிறது. ஆனால் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு நள்ளிரவுக்குப் பின் கோத்-தெ-நேஜுக்கோ பார்க் எக்ஸ்ரென்சனுக்கோ திரும்பும் தமிழ்ப் பெண்ணுக்கு, இப்படி ஒரு உரிமை இருப்பதை அறிவதற்கே பிரெஞ்சு வேண்டும், கேட்பதற்குத் துணிவு வேண்டும். பிரெஞ்சு வகுப்புக்குப் போக நேரம் வேண்டும். நேரத்தைத் தின்பது வீட்டு வேலை. கணவர் வகுப்புக்குப் போனார், மனைவி பிள்ளைகளோடு இருந்தார் என்பது முதல் தலைமுறைக் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு. பிறகு மருத்துவரிடமும் வங்கியிலும் மகளே மொழிபெயர்ப்பாளர். மகனை அந்த வேலைக்கு அழைப்பது குறைவு.

தமிழ் ஆண் இந்நகரத்தில் வேலையிடத்தில் நிறத்தாலும் உச்சரிப்பாலும் சிறுமைப்படுகிறார் என்பது உண்மை. வீட்டுக்குள் வந்ததும் அவருக்கு வேறொரு தராசு காத்திருக்கிறது என்பதும் உண்மை. சிறப்புரிமை பற்றிப் பேசினால் உழைத்து முன்னேறியவர்களைக் குற்றவாளியாக்குகிறீர்கள் என்ற மறுப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உழைக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அவர் இரட்டை வேலை பார்த்த ஆண்டுகளில் சமையலும் பிள்ளையும் மாமியாரின் மருந்தும் யார் கையில் இருந்தன என்பதே கேள்வி. 1997-இல் நாளொன்றுக்கு 5 டொலருக்குக் கியூபெக் அரசு தொடங்கிய குழந்தைப் பராமரிப்புத் திட்டம் பல்லாயிரம் தாய்மாரை வேலைக்குப் போக விட்டது. எந்த அறிவுரையும் செய்யாததை அந்த 5 டொலர் செய்தது.

7. அனுசரணை என்னும் பிடி

1995 மே 26 முதல் ஜூன் 4 வரை பிரான்சுவாஸ் தவீத் தலைமையில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பெண்கள் மொன்றியல் முதலிய ஊர்களிலிருந்து கியூபெக் நகர் நோக்கி நடந்தார்கள். ரொட்டியும் ரோஜாவும் என்ற பெயரில் ஒன்பது கோரிக்கைகள். குறைந்தபட்சக் கூலி 45 சதம் உயர்ந்ததே பெரிதும் நினைவுகூரப்படுகிறது. எனக்கு முக்கியமானது வேறொன்று: கணவரின் அனுசரணையில் குடியேறி வந்த பெண்ணுக்கு அவர் ஏற்கும் பொருளாதாரப் பொறுப்பின் காலம் பத்தாண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் அவள் அரச உதவிப் பணம் பெற்றால் அதைக் கணவரிடமிருந்து அரசு அறவிடும். அடிபட்ட பெண் வீட்டை விட்டு வெளியேறினால் கணவருக்குக் கடன் ஏறும், அவருடைய உறவினரின் வசை அவள்மேல் ஏறும். நடந்தவர்களில் மிகப் பலர் கியூபெக்கில் பிறந்த பெண்கள். இந்த விதி அவர்களைத் தொடாதது. தன்னைத் தொடாத விதிக்காக நடந்ததால்தான் அதைப் பெண்ணியம் என்கிறேன்.

அந்தப் பிடி ஒரே போக்கில் தளரவில்லை. 2012 அக்டோபரில் கூட்டாட்சி அரசு, அனுசரணையில் வரும் துணைவர் பலர் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தாலன்றி நிரந்தர வதிவிடத்தை இழக்கலாம் என்று விதித்தது. போலித் திருமணத்தைத் தடுப்பது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. வன்முறைக்கு உள்ளானவர்களுக்கு விலக்கு இருந்தும், அதை நிரூபிக்கும் சுமை, மொழி தெரியாத, ஊர் தெரியாத பெண்ணின்மேல் விழுந்தது. 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. விதி போனாலும், உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் பல வீடுகளில் இன்னும் செல்லுபடியாகிறது, ஏனெனில் விதி போன செய்தி அந்த வீடுகளுக்குத் தமிழில் போகவில்லை.

1981 முதல் மொன்றியலில் இயங்கும் தெற்காசியப் பெண்கள் சமூக மையம் தமிழ் உட்படப் பல மொழிகளில் இத்தகைய செய்திகளைப் பெண்களிடம் கொண்டுசேர்க்கும் வேலையைச் செய்துவருகிறது. எங்கள் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் ஒன்றியங்களும் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன, விழா எடுக்கின்றன, மண்டபம் நிறைய மக்களைச் சேர்க்கின்றன. சமையலறையிலும் பூத்தொடுக்கும் இடத்திலும் பெண்கள். நிருவாகக் குழுவின் தலைவர், பொருளாளர் வரிசையில் ஆண்கள். அந்த மலரின் ஒரு பக்கத்தில், அனுசரணையில் வந்த பெண்ணுக்குப் பிரிந்தாலும் வதிவிடம் போகாது, அடைக்கலம் தரும் விடுதிகள் கணவருக்குத் தகவல் சொல்லமாட்டா என்று தமிழில் அச்சிட எந்தக் குழு ஒப்பும் என்பதை, அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகவே முன்வைத்து வாக்கெடுத்துப் பார்க்கலாம்.